வாசலுக்கு 130 ரூபாய்: 2019 கேபிள் கட்டண மாற்றமும் சிவகாசிப் பக்கத்து வீடுகளும்

2018 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று பட்டாசு பற்றி. தீபாவளிக்கு ராத்திரி 8 முதல் 10 மணி வரைதான் வெடிக்கலாம் என்று ஒரு வாரம் முன்னாடி, அக்டோபர் 23-இல் சொல்லியிருந்த நீதிமன்றம், அன்றைக்கு அதைக் கொஞ்சம் தளர்த்தியது. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல், எந்த நேரம் என்பதைத் தமிழ்நாடு முடிவு செய்துகொள்ளலாம் என்றது. காலையில 6–7, சாயங்காலம் 7–8 என்ற கணக்கு நமக்கு வந்தது அப்படித்தான்.

இன்னொன்று டிவி பற்றி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017 மார்ச்சில் ஒரு புதிய கட்டண விதியைக் கொண்டுவந்திருந்தது. அதை எதிர்த்து ஸ்டார் இந்தியாவும் விஜய் டெலிவிஷனும் முதலில் போனது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. அங்கே 2018 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொல்ல, மூன்றாவது நீதிபதி மே மாதம் விதி செல்லும் என்றார். வழக்கு டெல்லிக்குப் போனது. அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் விதி செல்லும் என்று முடித்துவிட்டது.

இரண்டு வழக்குக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் கிடையாது. அமர்வும் வேறு வேறு. ஆனா சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வீடுகளில் இரண்டும் ஒரே சமயத்தில் வந்து இறங்கின. ஒன்று வீட்டு வருமானத்தில் கை வைத்தது, இன்னொன்று அந்த வீட்டு டிவி செலவை மாற்றியது. இந்தியத் தொலைக்காட்சியில் 2019 பெரிய மாற்றம் நடந்த வருஷம் என்று நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் மும்பையிலும் டெல்லியிலும் உட்கார்ந்து, சேனல் கம்பெனிகளின் வரவு செலவை வைத்து எழுதியவை. அதே வருஷத்தை பட்டாசு ஊர்ப் பக்கம் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த விதி பார்வையாளருக்குத் தேர்வுரிமை கொடுக்கிறேன் என்றது. நடைமுறையில், தேர்வு செய்யும் முன்னாடியே கட்ட வேண்டிய ஒரு வாசல் கட்டணத்தை வைத்தது. குறைவா பார்க்கிற, குறைவா சம்பாதிக்கிற வீட்டுக்குத்தான் அந்த வாசல் அதிகப் பாரமாக இருந்தது.

விதியில் நல்லது என்ன

முதலில் டிராய் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடணும். 2019-க்கு முன்னாடி ஒரு சேனலோட விலை என்ன என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. கேபிள்காரர் ஒரு தொகை சொல்வார், கட்டுவோம். அந்தத் தொகையில் இந்திச் சேனல், இங்கிலீஷ் சேனல், யாரும் பார்க்காத ஷாப்பிங் சேனல் எல்லாம் சேர்ந்திருக்கும். சேனல் கம்பெனிக்கும் கேபிள் நிறுவனத்துக்கும் நடுவில் நடந்த பேரம் எதுவும் வெளியே வராது. எத்தனை இணைப்பு இருக்கிறது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு.

புதிய விதி இதை மாற்றியது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் ஒரு அதிகபட்ச சில்லறை விலையை வெளிப்படையாக அறிவிக்கணும். எந்தச் சேனலையும் தனியாக வாங்க முடியணும். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் இருப்பதைப் போல சேனலுக்கும் விலை எழுதியிருக்கணும் என்பது நியாயமான கோரிக்கைதான். அதில் எனக்குக் குறை இல்லை.

2018 டிசம்பர் 29 என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஒரு மாசம் தள்ளிப்போட்டு, 2019 பிப்ரவரி 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது.

கணக்கு போட்டுப் பார்த்தால்

விதியின் அடிப்படை இப்படி. முதல் 100 சாதாரணச் சேனலுக்கு இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். அதோட 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல் எடுத்தால் அதோட விலை தனி. 100-ஐத் தாண்டினால் அடுத்த ஒவ்வொரு 25 சேனலுக்கும் இன்னும் 20 ரூபாய் வரை. அந்த முதல் நூறுக்குள் கட்டாயம் கொடுக்க வேண்டிய தூர்தர்ஷன் சேனல்களும் அடக்கம்.

இப்போ ஒரு சாதாரணத் தமிழ் வீட்டை எடுத்துக்கொள்வோம். சன் டிவி, கே டிவி, விஜய் டிவி மூன்றும் வேணும். மற்றதெல்லாம் இலவசச் சேனல் போதும். 2019-இல் சன் 19 ரூபாய், கே டிவி 19 ரூபாய், விஜய் 17 ரூபாய். மொத்தம் 55. இணைப்புக் கட்டணம் 130. ஆக 185. வரியோட 218 ரூபாய் 30 காசு.

இதைப் பிரித்துப் பாருங்க. அந்த வீடு ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த சேனல்களுக்குப் போவது 55 ரூபாய். தேர்வுக்கு முன்னாடியே கட்ட வேண்டியது 130. வரியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மொத்தத்தில் 70 சதவீதம் வாசல் கட்டணம். வரி மட்டும் 33 ரூபாய் 30 காசு, அதாவது விஜய் டிவி விலையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சன் டிவி மட்டும் போதும் என்று ஒரு பாட்டி சொன்னாலும் கட்ட வேண்டியது 175 ரூபாய் 82 காசு. ஒரு சேனல் பார்க்கிறவருக்கும் நூறு சேனல் பார்க்கிறவருக்கும் வாசல் ஒரே விலை. பார்க்கிறதுக்கு மட்டும் பணம் கொடுங்க என்று விளம்பரம் செய்த ஒரு திட்டத்தில், பணத்தின் பெரும்பகுதி பார்க்காததற்குத்தான் போனது.

அடுத்தது விலை உச்சவரம்பு. தனியாக விற்கும் சேனலுக்கு எவ்வளவு வேணுமானாலும் விலை வைக்கலாம். ஆனா ஒரு தொகுப்பில், அதாவது பேக்கில், சேர்க்கணும்னா 19 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இது ஒரு கட்டுப்பாடாக வைக்கப்பட்டது. கடைசியில் அதுவே விலையாக ஆகிவிட்டது. நாடு முழுக்க முன்னணிச் சேனல்கள் பல சொல்லிவைத்த மாதிரி 19 ரூபாயில் வந்து நின்றன. உச்சவரம்பு என்று ஒரு எண்ணை எழுதிவிட்டால், விற்கிறவர் அதுக்குக் கீழே எதுக்கு நிற்கப் போகிறார்?

உண்மையான ஓட்டை அதுக்கும் அடுத்த இடத்தில் இருந்தது. பேக் விலை, அதில் உள்ள சேனல்களின் தனி விலைக் கூட்டுத்தொகையிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று டிராய் எழுதியிருந்தது. தனி விலைக்கு ஒரு அர்த்தம் இருக்கணும் என்பதற்காக வைத்த பூட்டு அது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒரு பிரிவை மட்டும் செல்லாது என்றுவிட்டது. அந்தப் பூட்டு இல்லாமலே விதி அமலுக்கு வந்தது. விளைவு என்ன? இரண்டு பெரிய சேனலைத் தனியாக எடுத்தால் 38 ரூபாய். அதோட இன்னும் ஒன்றிரண்டு ரூபாய் போட்டால் அந்தக் குழுமத்தின் பாட்டுச் சேனல், காமெடிச் சேனல், குழந்தைகள் சேனல் எல்லாம் சேர்ந்த பேக்கே கிடைத்தது. யார் தனியா எடுப்பார்கள்? தொகுப்புத் தள்ளுபடி 70 சதவீதம் வரை போனதை 2019 ஆகஸ்டில் டிராயே தன் ஆலோசனைத் தாளில் எழுதியது. தனி விலைப் பட்டியல் பேருக்கு இருந்தது, வியாபாரம் முழுக்க பேக்கில் நடந்தது. ஆக முன்னாடி கேபிள்காரர் கட்டிக்கொடுத்த மூட்டையை, இப்போ சேனல் கம்பெனி கட்டிக்கொடுத்தது.

கிரிசில் நிறுவனம் 2019 பிப்ரவரியிலேயே ஒரு கணக்கு சொன்னது. முதல் பத்து சேனல்களை எடுக்கிற வீட்டுக்குச் செலவு சுமார் 25 சதவீதம் கூடும், முதல் ஐந்தோட நிறுத்திக்கொள்கிற வீட்டுக்குக் குறையும் என்று. டிராய் அதை மறுத்தது. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. சராசரி கூடியதா குறைந்ததா என்பதைவிட, யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஆலை மூடியிருந்த மாதங்கள்

இங்கேதான் முதல் உத்தரவு உள்ளே வருகிறது. பேரியம் கலந்த பட்டாசும் சரவெடியும் கூடாது என்பது அக்டோபர் 23 தீர்ப்பின் ஒரு பகுதி. நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் தயாராவது இந்த வட்டாரத்தில் என்பார்கள். பச்சைப் பளிச், வெள்ளை மின்னல் என்று கண்ணுக்குத் தெரிகிற வெடி பலவற்றிலும் பேரியம் நைட்ரேட் இருக்கும். அதை எடுத்துவிட்டு எதைப் போடுவது என்று அன்றைக்கு யாருக்கும் தெளிவில்லை. 2018 நவம்பர் நடுவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் கதவை மூடின. நாலு மாசம் கழித்து, 2019 மார்ச்சில்தான் திரும்பத் திறந்தன.

இப்போ தேதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்க. கேபிள் விதி தொடங்கியது பிப்ரவரி 1. அன்றைக்கு வெடி ஆபீசுகள் மூடி இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தப் பக்கம் ஆலையை 'ஆபீஸ்' என்பார்கள், தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்று. பெரும்பாலும் வேலைக்குத் தகுந்த கூலி, வாரச் சம்பளம். சனிக்கிழமை கையில் காசு வரும், அதை வைத்து மளிகைக் கடன், சீட்டுக் காசு, கேபிள் காசு எல்லாம் பிரியும். பழைய அனலாக் காலத்தில் கேபிள் காசுக்கு ஒரு நெகிழ்வு இருந்தது. வீட்டுக்கு வந்து வசூல் செய்கிறவர் அதே தெருக்காரராக இருப்பார். இந்த வாரம் இல்லை, அடுத்த வாரம் வாங்க அண்ணே என்றால் போய்விடுவார். ரெண்டு மாசம் தள்ளிப்போனாலும் வயரை அறுக்க மாட்டார். அறுத்தால் அடுத்த தெருவில் அவர் முகத்தைக் காட்டணுமே.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு இணைப்பின் கணக்கு கணினியில் ஏறிவிட்டது. எந்த பாக்ஸில் எந்தச் சேனல் ஓடணும், எது நிற்கணும் என்பதை எங்கேயோ இருந்து ஒரு பட்டனில் முடிவு செய்யலாம். மேலே பணம் போகணும், அப்போதான் கீழே படம் வரும். கடன் சொல்கிற அந்தப் பழக்கத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடம் சுருங்கிவிட்டது. நாலு மாசம் கூலி இல்லாத ஒரு ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் டிவிதான் பொழுது. வேலை இல்லாத காலத்தில் அதோட தேவை கூடத்தான் செய்யும்.

அதே மாதத்தில்தான் அந்த வீட்டுக்கு ஒரு சேனல் பட்டியல் வருகிறது. எது வேணுமோ டிக் அடிங்க என்கிறது. விதியை எழுதியவர்கள் மனசில் இருந்த பார்வையாளர் யார் என்று அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். மாசச் சம்பளம் வாங்குகிற, தனக்கு என்ன வேணும் என்று தெளிவாகத் தெரிந்த, விலைப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க நேரமுள்ள ஒரு தனி மனிதர். வீடு என்பது அப்படி ஒரு ஆள் கிடையாது. அத்தைக்கு சீரியல், பையனுக்கு கிரிக்கெட், தாத்தாவுக்கு பழைய படம். ஒரு டிவி, ஒரு ரிமோட்.

நாடு முழுக்கவே நிறைய பேர் பட்டியலை நிரப்பவில்லை. பிப்ரவரி நடுவில் டிராய் 'பெஸ்ட் ஃபிட் பிளான்' என்று ஒன்றை அறிவித்தது. தேர்வு செய்யாதவர்களுக்கு அவர்கள் மொழி, பார்க்கும் பழக்கம் இவற்றை வைத்து கேபிள், டிடிஎச் நிறுவனங்களே ஒரு பேக் போட்டுவிடலாம், மார்ச் 31 வரை அவகாசம் என்று. தேர்வுரிமைக்காக வந்த விதி, முதல் இரண்டு வாரத்திலேயே தேர்வை நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட்டது.

குறுக்கே வந்த அரசு கேபிள்

தமிழ்நாட்டில் கதை இதோட முடியவில்லை. இங்கே டிவி எப்போதுமே அரசியலின் பகுதி. 2006-க்குப் பிறகு திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு கேபிளைப் புதுப்பித்து மாசம் 70 ரூபாய் என்றார். அதில் 20 ரூபாய் அரசு நிறுவனத்துக்கு, மீதி உள்ளூர் ஆபரேட்டருக்கு. 2017 செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ். அதாவது பெட்டியும் வயரும் பாக்ஸும் அரசு வழியாக வந்த வீடுகள் இங்கே நிறைய. அந்த வீட்டைப் பார்த்து, நீ இனிமேல் சந்தையில் ஒரு நுகர்வோர், போய்த் தேர்ந்தெடு என்றது 2019.

புதிய விதிப்படி அரசு கேபிளின் கட்டணமும் ஏறியது. 220 ரூபாய், அதுக்கு மேல் ஜிஎஸ்டி. 70 ரூபாய் கட்டிப் பழகிய ஊரில் அது பெரிய முணுமுணுப்பு. மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு, 2019 ஆகஸ்ட் 10 முதல் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று முதல்வர் பழனிசாமி அறிவித்தார். டிராய் வாசலுக்கு மட்டும் வைத்த அதே 130-க்கு, கட்டணச் சேனலையும் சேர்த்து முழுப் பேக்கே கொடுக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். விலையைக் குறைத்தது தேர்வுரிமை இல்லை. மொத்தமாக வாங்கிப் பேரம் பேசுகிற பலமும், வாக்காளர் மேல் இருந்த பயமும்தான் குறைத்தன.

அதுக்காக அரசு கேபிளைத் தூக்கிக் கொண்டாடவும் முடியாது. மலிவாகக் கொடுக்கிற கைக்கு இன்னொரு அதிகாரமும் இருக்கிறது. எந்தச் சேனலை எந்த எண்ணில் வைப்பது என்பது அந்தக் கையில்தான். 2018 ஜூனில் கோயம்புத்தூரில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காக புதிய தலைமுறை மேல் வழக்குப் பதிவானது. அதைத் தொடர்ந்து அரசு கேபிளில் அந்தச் சேனல் வழக்கமான இடத்திலிருந்து தூரத்து எண்ணுக்குத் தள்ளப்பட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ரிமோட்டில் பக்கத்துப் பக்கத்து எண்ணை அழுத்திப் பார்க்கிற ஊரில், எண் மாறினால் சேனல் காணாமல் போன மாதிரிதான்.

செய்திச் சேனல்களின் நிலை ஏன் முக்கியம்? தமிழில் 24 மணி நேரச் செய்திச் சேனல்களில் பல இலவசச் சேனல்கள். பார்க்கிறவர் தருகிற பணத்தில் ஒரு பைசா அவர்களுக்குப் போகாது. விளம்பரமும், ரிமோட்டில் கிடைக்கிற இடமும்தான் பிழைப்பு. 2019 விதி சீரியலுக்கும் சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் விலை வைத்தது. வெம்பக்கோட்டையில் ஆலை மூடிக் கிடப்பதை வாரக்கணக்கில் நின்று சொல்ல ஒரு நிருபர் வேணும் என்றால், அதுக்கு இந்த விதியில் வழியே இல்லை. அதனால் வெடி விபத்து நடந்த அன்றும், தீபாவளிக்கு முந்தைய வாரமும் கேமரா வரும். நடுவில் உள்ள மாதங்களில் கூலி, மருந்துக் கலவை, உரிமம், வழக்கு என்று நடக்கிற எதுவும் திரையில் நிற்காது. பார்வையாளர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யோசித்தவர்கள், தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

இலவசமாகவே பார்க்கலாமே, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்று கேட்கலாம். வட இந்தியாவில் அது உண்மையான மாற்றாக இருந்தது. தமிழ் வீட்டுக்கு அதில் கிடைத்தது பொதிகையும் சில சேனல்களும்தான். சன், விஜய் மாதிரி கட்டணச் சேனல் அதில் கிடையாது. ஒரே விதி, ஆனா மொழிக்கு மொழி தப்பிக்கும் வழி வேறு.

பிறகு நடந்ததும், கேட்க வேண்டியதும்

ஒரு வருஷம்கூட ஆகாமல், 2020 ஜனவரி 1 அன்று டிராய் தன் விதியைத் தானே திருத்தியது. அதே 130 ரூபாய்க்கு 100-க்குப் பதில் 200 சேனல். பேக்கில் சேர்க்கும் சேனலுக்கு 19-க்குப் பதில் 12 ரூபாய் உச்சவரம்பு. சேனல் கம்பெனிகள் மறுபடி கோர்ட்டுக்குப் போயின. இழுபறிக்குப் பிறகு 2022 நவம்பரில் உச்சவரம்பு திரும்ப 19-க்கே வந்தது. 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதை இனி நிறுவனங்களே நிர்ணயிக்கும்.

இந்தத் திருத்தங்கள் எல்லாவற்றையும் படித்தாலும் ஒன்று கண்ணில் படுகிறது. எண் மாறுகிறது, வாசல் மாறவில்லை. 100 சேனலை 200 ஆக்கினால், மூன்று சேனல் பார்க்கிற வீட்டுக்கு என்ன கிடைத்தது? அந்த வீடு கேட்டது சேனல் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி இல்லை. 30 சேனலுக்கு ஒரு சின்ன வாசல் இருந்தால் போதும். வாரச் சம்பளக்காரர் வாரத்துக்குக் கட்டுகிற மாதிரி ஒரு ஏற்பாடு, ஒரு மாசம் தவறினாலும் அணையாத ஒரு அடிப்படைத் தமிழ்த் தொகுப்பு, அதில் செய்திச் சேனல்களுக்கு ஆட்சி மாறினாலும் மாறாத எண். தொழில்நுட்ப ரீதியாக இதில் எதுவும் கஷ்டம் இல்லை. பாக்ஸை ஒரு பட்டனில் அணைக்க முடிகிறவர்களால், அதே பட்டனில் வாரக் கணக்கும் வைக்க முடியும்.

பட்டாசு வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம், வண்டிப் புகை இதைவிட அதிகம் மாசு செய்யும்போது ஏன் பட்டாசை மட்டும் துரத்துகிறீர்கள், வேலை இழப்பவர்கள் கதி என்ன என்று கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் என்ன என்பது வேறு விவாதம். ஒரு விதியால் வாழ்க்கை மாறப்போகிற ஆட்கள் யார், அவர்கள் கையில் காசு எப்படி வருகிறது என்று அங்கே ஒரு தடவையாவது கேட்டார்கள். கேபிள் கட்டண விதியைப் பற்றி 2017-இல் இருந்து நடந்த வழக்குகளில் பேசியது சேனல் கம்பெனிகளும் டிராயும். சனிக்கிழமை சம்பளத்தில் கேபிள் காசு எடுத்து வைக்கிறவர் அதில் கட்சிக்காரராகவே இல்லை. அடுத்த கட்டண விதிக்கு டிராய் ஆலோசனைத் தாள் போடும்போது, தமிழிலும் போட்டு, சாத்தூரிலோ திருத்தங்கலிலோ ஒரு கூட்டம் நடத்தட்டும். சேனல் பட்டியலைக் கையில் கொடுக்கிறதுக்கு முன்னாடி அதைச் செய்திருக்கணும்.